மருந்து முடிந்தது, விலக்கம் முடியவில்லை

பல்லடம் – தாராபுரம் சாலையில் இருக்கும் குண்டடத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேன்கள் வந்துவிடும். நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் ஆள் ஏற்றிச்செல்லும் வண்டிகள் அவை. மழை பொய்த்தால் சோளமும் வெங்காயமும் கைவிட்டுவிடும் மானாவாரி பூமி இது. பல வீடுகளில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருவது இந்த வேன்களை நம்பித்தான். பணி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனான நான், காலை நடைக்குப் போகும்போது வேனுக்குக் காத்திருப்பவர்களில் பழைய மாணவர்கள் சிலரைப் பார்ப்பது வழக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். எல்லோரும் ஏறிய பிறகும் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். “ஏன் அம்மணி, வேலைக்குப் போகலையா?” என்று கேட்டேன். ஓட்டுநரிடம் பேசிப் பார்க்க வந்ததாகச் சொன்னார். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்து, இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆலையில் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்கிறார்கள். வீட்டில் அவருக்கென்று ஒதுக்கிய தட்டும் டம்ளரும் அப்படியே இருக்கின்றன. குழந்தையை அவர் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் காட்டிவிட்டு அவர் கேட்டார்: “எனக்குக் குணமாயிருச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க சார். ஊருக்கு யாருங்க எழுதிக் குடுக்கறது?”

ஆறு மாத மருந்தையும் ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கியவர் அவர். தன் கடமையில் எதையும் பாக்கி வைக்கவில்லை. பாக்கி எங்களுடையது.

பெரியப்பாவின் திண்ணை

அவர் கேட்ட கேள்வி என்னை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் இழுத்துச் சென்றது. நான் சிறுவனாக இருந்தபோது என் பெரியப்பா பெருந்துறை சானடோரியத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். குண்டடமும் பெருந்துறையும் அன்று ஒரே கோவை மாவட்டத்தில் இருந்தன. அந்த இடத்தில் இன்று மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஆனாலும் பழைய ஆள்களுக்கு அது இன்னமும் ‘சானடோரியம்’தான். நோய்க்கு அன்று எங்கள் ஊரில் இரண்டு பெயர்கள். படித்தவர்கள் ‘க்ஷயம்’ என்பார்கள். மற்றவர்கள் ‘எலும்புருக்கி’ என்பார்கள். பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் பயந்து ஒதுங்குவோம்.

பெரியப்பா உடல் தேறித்தான் வந்தார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. திண்ணையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கென்று ஓர் ஈயத் தட்டு, ஒரு பித்தளை டம்ளர். அவற்றை அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். அவர் பக்கத்தில் போகக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது, நானும் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் இறந்தது வேறு காரணத்தால். அதுவரை அவர் திண்ணையில்தான் இருந்தார். யாரும் அவரை வையவில்லை, அடிக்கவில்லை. வேளை தவறாமல் சோறு போட்டார்கள். ஊரில் இதற்குப் பெயர் கொடுமை அல்ல, ‘பத்திரம்’.

அவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மருந்தில்லாத காலத்தில் இந்த விலக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் வந்தது. ஐசோனியசிட் வந்தது 1952-ல். அதுவரை நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, தனிமை ஆகியவைதாம் உலகம் முழுவதும் சிகிச்சை. தாம்பரத்திலும் பெருந்துறையிலும் ஊரைவிட்டுத் தள்ளிச் சானடோரியங்கள் கட்டப்பட்டது அதனால்தான். தள்ளி வைப்பதுதான் மருத்துவம் என்று மருத்துவமே சொன்னது. ஊர் அதைக் கற்றுக்கொண்டது. மருத்துவம் தன் பாடத்தை மாற்றிக்கொண்ட பிறகு, அதை ஊருக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

சென்னையில் கிடைத்த பதில்

மாற்றிய பாடம் எங்கோ வெளிநாட்டில் எழுதப்பட்டதல்ல. அன்றைய மதராஸில் எழுதப்பட்டது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்கக் கால ஆய்வுகளை வழிநடத்தினார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. லட்சக்கணக்கான நோயாளிகள் இருக்கும் நாட்டில் சானடோரியப் படுக்கைகள் மிகக் குறைவு. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த, 200-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுக்கை ஓய்வு, நல்ல உணவு, செவிலியர் கவனிப்போடு மருந்து சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் நெருக்கடியான வீட்டில், போதாத சாப்பாட்டோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டே, அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். முடிவுகள் 1959-ல் வெளியாயின.

நமக்கு முக்கியமானது அதன் அடுத்த பகுதி. இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. காரணம், குடும்பத்தில் யாருக்காவது தொற்றியிருந்தால் அது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே, மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு அவரைத் தள்ளி வைப்பதால் மிச்சமாகும் ஆபத்து எதுவும் பெரிதாக இல்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிசெய்த ஆய்வுகளில் இது முதன்மையானது. என் பெரியப்பா திண்ணையில் கட்டில் போட்டுப் படுத்தபோது இந்த முடிவு வெளிவந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையிலிருந்து ஜெனீவாவுக்குப் போன செய்தி, சென்னையிலிருந்து குண்டடத்துக்கு வந்து சேரவில்லை.

தவறான நேரத்தில் வரும் பயம்

எங்கள் ஊரின் பயத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அதன் விசித்திரம் புரியும். நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. சிகிச்சை பெறாத ஒருவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளை, மூடிய அறையில் நெடுநேரம் கூடவே இருப்பவர் சுவாசித்தால் தொற்றக்கூடும். தட்டு, டம்ளர், துணி, படுக்கை, கைகுலுக்கல் வழியே அது பரவுவதில்லை. பொருத்தமான மருந்தைத் தொடங்கிய ஓரிரு வாரங்களில் பரப்பும் தன்மை பெருமளவு குறைந்துவிடுகிறது. எலும்பிலோ நிணநீர்க் கட்டியிலோ வரும் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றுவதே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? பஞ்சுத் தூசி பறக்கும் நூற்பாலையில் இருமல் என்பது சம்பளத்தோடு வருவது. தூசியினால் வரும் நுரையீரல் நோய் இந்தத் தொழிலுக்குப் புதியதல்ல. அதனால் இருமலை யாரும் பொருட்படுத்துவதில்லை; ‘பஞ்சு இருமல்’ என்று கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விளம்பரம் சுவரில் இருக்கும்; அதன் கீழேயே நின்று இருமுவார்கள். உண்மையில் ஆபத்தான அந்தக் காலம் முழுவதும் அந்த மனிதர் வேனில் எல்லோருடனும் நெருக்கியடித்து உட்கார்ந்து போவார். ஒரே டீயைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார். நோய் இன்னதென்று தெரிந்து, மருந்து தொடங்கி, ஆபத்து இறங்கத் தொடங்கும்போதுதான் ஊர் அவரைவிட்டு விலகும். அவர் முழுக்கக் குணமான பிறகும் அந்த விலகல் தொடரும்.

இதை வெறும் அறியாமை என்று விட்டுவிட முடியாது. அடுத்து இருமத் தொடங்குபவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பரிசோதனைக்குப் போனால் தட்டு தனியாகும், வேலை போகும், மகளுக்கு வரன் பார்க்க வருபவர்கள் வேறு வழியாகப் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. ஆகவே அவர் போவதில்லை. போனாலும் யாருக்கும் தெரியாமல் தொலைவிலுள்ள ஊருக்குப் போகிறார். பாதியில் மருந்தை நிறுத்துகிறார். குணமானவரை ஒதுக்கும் ஊர், குணமாகாதவரை ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. கிருமிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை.

டம்ளரின் பழைய கதை

விலக்கம் ஏன் தட்டிலும் டம்ளரிலும் வந்து நிற்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். காற்றில் பரவும் நோய்க்கு டம்ளரைத் தனியாக வைப்பதில் மருத்துவ அறிவு ஏதும் இல்லை. ஆனால் கொங்குப் பகுதிக்கு டம்ளரைப் பிரித்து வைக்கத் தெரியும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை எதிர்த்து இங்கே எத்தனையோ போராட்டங்கள் நடந்திருக்கின்றன. மனிதரைத் தள்ளி வைக்கும் மொழி நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. நோய் வந்தபோது அதே மொழியில் பேசினோம். சாதியால் விலக்கப்பட்ட ஒருவருக்கு இந்த நோயும் வந்தால் அவர் இருமுறை விலக்கப்படுகிறார். பெண்ணாக இருந்தால் அதற்கும் மேலே ஒன்று: ஆணுக்கு வந்தால் மனைவி கவனித்துக்கொள்கிறார், மனைவிக்கு வந்தால் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கும் நிலையில் நுழைந்திருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படும். குண்டடம் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களில் யாருடைய டம்ளரைத் தனியே எடுத்து வைப்பது?

‘திரும்ப வந்தால்?’

ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் தள்ளிவிட முடியாது. “மறுபடியும் வராதுன்னு நிச்சயமா?” என்கிறார்கள். நிச்சயம் இல்லை. ஒருமுறை காசநோய் வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சிலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கி, மூச்சிரைப்பு தொடரும். அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று தேசியத் திட்டம் சொல்கிறது. ஆனால் ஒதுக்கப்பட்டவர் இந்தப் பரிசோதனைக்குப் போகமாட்டார். அது தன் நோயை மறுபடியும் ஊருக்கு அறிவிப்பதாகிவிடும். மறுபடியும் வரக்கூடும் என்பது உண்மையானால், அவர் பயமின்றி நடந்துபோய்ப் பரிசோதித்துக்கொள்ளும் ஊராக இது இருக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து வரும் முடிவு.

குடும்பத்தைக் காப்பதற்கும் வேறு வழி இருக்கிறது. ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. வீட்டுக்குத் தேவை தனித் தட்டு அல்ல, நிறைந்த தட்டு.

கொரோனா கற்றுத்தந்தது

2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைச் சென்னையிலேயே ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. எங்கள் பக்கத்திலும் குணமாகி வந்தவர்கள் தெருக் குழாய்க்கு வரக் கூடாது என்றார்கள். இன்று ‘எனக்குக் கொரோனா வந்தது’ என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. துண்டறிக்கை படித்து இந்த மாற்றம் வரவில்லை. வீட்டுக்கு வீடு வந்தது. வந்தவர்கள் வெளியே சொன்னார்கள். சொன்னவர்கள் நம்மைப் போலவே இருந்தார்கள். பயம் தானாகக் கரைந்தது.

காசநோயில் இது நடக்கவில்லை, யாரும் சொல்வதில்லை. தனக்குக் காசநோய் வந்து குணமானதை நடிகர் அமிதாப் பச்சன் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னால் அவருக்குப் போவது ஒன்றுமில்லை. மில்லுக்குப் போகும் பெண் சொன்னால் அன்றைய கூலி போகும். குணமானவர்களே முன்வந்து பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு முன், பேசியவருக்கு நட்டம் வராது என்று நாம் உறுதி தர வேண்டும்.

செய்யக்கூடியவை

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மருந்து இலவசம். 2018 ஏப்ரல் முதல் சத்துணவுக்காக மாதம் ரூ.500 தரப்பட்டது; 2024 நவம்பரிலிருந்து அது ரூ.1,000 ஆகியிருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’, நோய் முற்றிய நிலையில் வருபவர்களை உடனே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது. கண்டுபிடிக்க, மருந்து கொடுக்க, உணவு தர, இறப்பைத் தடுக்கத் திட்டங்கள் இருக்கின்றன. குணமானவரை அவருடைய பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவிட மட்டும் ஏதும் இல்லை. நோயின் தொடக்கத்தைச் சுவர்களில் எழுதிய நாம் அதன் முடிவை எங்கும் எழுதவில்லை.

முதலாவதாக, சிகிச்சை முடியும் நாளில் ஒரு வீட்டுச் சந்திப்பு வேண்டும். நோயாளியின் ஒப்புதலோடு, கிராமச் சுகாதாரச் செவிலியர் அந்த வீட்டுக்குப் போய், மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து, “இனித் தனித் தட்டு வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; முடிந்தால் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். ஊர் காகிதத்தைப் படிப்பதில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும்.

இரண்டாவதாக, ஆலைகளும் பனியன் கம்பெனிகளும், வேலைக்குத் தகுதி என்று மருத்துவர் எழுதிய நாளிலிருந்து அதே வேலையை அதே சம்பளத்தில் தருவதை எழுத்துபூர்வ விதியாக்க வேண்டும். ஈஎஸ்ஐ திட்டத்தின் நீண்ட கால நோய்ப் பட்டியலில் காசநோய் இருக்கிறது. தகுதிக் காலத்தை நிறைவுசெய்தவர்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும். இதை அறிந்த தொழிலாளர்கள் குறைவு. ஒப்பந்தத்தில் வருபவர்களில் பலர் அந்தப் பதிவிலேயே இருப்பதில்லை.

மூன்றாவதாக, ஊராட்சி. தமிழ்நாட்டில் மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அடுத்த இரண்டாவது நாள் உலகக் காசநோய் நாள். அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்: குணமானவர் தொற்றாதவர், அவரை ஒதுக்குவது ஊருக்குத்தான் ஆபத்து என்று ஒரு தீர்மானம். யார் பெயரும் வேண்டாம். ‘காசநோய் இல்லா ஊராட்சி’ என்று விருது தரும் முயற்சி இப்போது நாடு முழுவதும் நடக்கிறது. நல்ல நோக்கம்தான், ஆனால் விருதைக் கெடுப்பவர் நோயாளி என்ற எண்ணம் ஊருக்கு வந்துவிட்டால், மறைப்பதற்கு இன்னொரு காரணத்தை நாமே கொடுத்தவர்கள் ஆவோம். எத்தனை பேருக்கு நோய் என்பதோடு, குணமானவர்களில் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள் என்பதையும் ஓர் அளவுகோலாக வைக்கலாம்.

அந்தப் பெண்ணுடன் நானும் ஆலைக்குப் போனேன். அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு வாரம் கழித்து அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், வேறு பிரிவில். பழைய இடம் கிடைக்கவில்லை. வீட்டில் டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது என்றார். குழந்தை மட்டும் இரவில் எழுந்துவந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறதாம். “அதுக்கு யாரும் சொல்லித் தரலைங்க சார்” என்றார்.

பெரியப்பாவின் திண்ணைக்கு ஒருநாளாவது நான் போய் உட்கார்ந்திருக்கலாம். அன்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து சொல்லவில்லை. இன்று எனக்குத் தெரியும். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது, கவிழ்த்து வைத்திருக்கும் அந்த டம்ளரிலேயே தண்ணீர் கேட்டுக் குடிக்கப்போகிறேன், அவருடைய மாமியார் பார்க்க.